நிறுத்தி வைக்கப்பட்ட மூன்று வயது

சுற்றறிக்கை வாசிக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலிலிருந்து, மழலையர் கூடத்தின் மூன்று வயதுப் பிரிவில் இருந்த பதினொரு பிள்ளைகளும் வளர்வதை நிறுத்திக்கொண்டார்கள். காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை, சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. நகத்தை வைத்துத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். திங்கள்தோறும் நகம் வெட்டிவிடுகிற ஆயா, ஐந்தாவது திங்களன்று நகவெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "டீச்சர், எனக்கு இங்க வேலையே இல்ல போலிருக்கே" என்றாள்.

டீச்சர் எதையும் முறைப்படி செய்கிறவள். மேலிடத்திலிருந்து வரும் ஒவ்வொரு தாளையும் வகுப்பின் நடுவே நின்று உரக்கப் படிப்பாள். பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்பது வேறு விஷயம். படித்து முடித்ததும் அடியில் 'நடைமுறைப்படுத்தப்பட்டது' என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுவாள். நேரம் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அன்றைய தாளில் இருந்தது ஒரே வரி: நிதி ஒதுக்கீடு முடிவாகும் வரை மூன்று வயதுப் பிரிவு தற்போதுள்ள நிலையிலேயே நிறுத்தி வைக்கப்படுகிறது. பாதிப் பணம்தான் வரும், புதிதாக யாரையும் சேர்க்காதே, இருக்கிறவர்களை அடுத்த பிரிவுக்கு ஏற்றாதே என்பதுதான் எழுதியவர்கள் நினைத்தது. நினைத்ததை அவர்கள் எழுதவில்லை. எழுதியதை டீச்சர் நடைமுறைப்படுத்திவிட்டாள்.

பதினொருவரில் ஒருத்தி டீச்சரின் தங்கை மகள். தங்கை ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். புருஷன் வெளியூர் வேலைக்குப் போய், முதலில் பணமும் பிறகு கடிதமும் நின்றுபோனவன். வீட்டில் இரண்டு பெண்கள். மூன்று வயது முடிந்து ஒரு மாதம் ஆனவள் பெரியவள், இன்னும் தவழ்கிறவள் சின்னவள். விஷயம் தெரிந்த அன்று தங்கை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். "உனக்குக் கையில பேனா கிடைச்சா போதும்க்கா, எங்கயாவது கையெழுத்தப் போட்டுடணும். இப்ப எம் பொண்ணுக்கு என்ன பதில் சொல்ற?" டீச்சர் சாக்பீஸ் டப்பாவை மூடித் திறந்து மூடினாள்.

மறுவாரமே அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த எழுத்தருக்கு முத்திரை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் முதலில் முத்திரை குத்திவிட்டுப் பிறகுதான் படிப்பார். அவர் பொறுமையாகவே சொன்னார். "உத்தரவ ரத்து பண்ண ஒரே வழிதாம்மா. நடைமுறைப்படுத்தலன்னு எழுதிக் குடுங்க. ஆனா அப்படி எழுதினா பொய்க் கையெழுத்துன்னு ஆயிடும். கூடத்தை அன்னிக்கே மூடிடுவாங்க. யோசிச்சு எழுதுங்க, பேனா வேணுமா?"

டீச்சர் பேனா வாங்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அம்மாக்களை நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். ஒருத்தி வீடு துடைப்பவள், ஒருத்தி செங்கல் தூக்குபவள், ஒருத்தி மருத்துவமனையில் துணி துவைப்பவள். துணி துவைப்பவள்தான் முதலில் சொன்னாள்: "மூணு வயசுலயே இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். பகல்ல வச்சுப் பாத்துக்க எடம் வேணுமே. கூடத்த மூடினா நாங்க எங்க போவோம்?" தங்கை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அன்று டீச்சர் எதையும் எழுதாமல் வீட்டுக்குப் போனாள். செய்யாமல் விட்ட வேலையும் ஒரு வேலைதான் என்பது அவளுக்கு அன்றிரவு தெரிந்தது.

அதற்குள் மூன்று வீட்டார் பிள்ளைகளை மாற்றியிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி ரோஜா நிற மதிலோடு ஒரு தனியார் மழலையர் பள்ளி இருந்தது. அங்கே பெயர் ஏறிய அன்று மாலையே அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டைக் கை குட்டையானது. ஒரு தாய் பெயரை நீக்கி மகனை வீட்டிலேயே வைத்துப் பார்த்தாள்; இரண்டு வாரத்தில் ஒரு நூலளவும் அவன் உயராததால் கூடத்துக்கே திரும்பக் கொண்டுவந்தாள். ஒரு பட்டியலில் ஏறிய பிள்ளை இன்னொரு பட்டியலில் ஏறினால்தான் வளரும் என்பது அப்படித் தெரிந்தது. எந்தப் பட்டியலிலும் ஏறாத சின்னவள் பக்கத்து வீட்டம்மாளின் இடுப்பில் தாராளமாக வளர்ந்தாள்.

கணக்கு எளிது. அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணம் கிடையாது, ஆனால் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பெரியவளுக்கு அங்கே போய்ச் சேர இன்னும் இருபத்து மூன்று மாதம் வளர வேண்டும். ரோஜா மதிலுக்குள் ஒரு மாதக் கட்டணம், தங்கையின் சம்பளத்தில் வாடகை போக மிஞ்சுவதைவிடச் சற்றே அதிகம். டீச்சர் உத்தரவுக்குப் பிறகு தனக்கு வந்துகொண்டிருந்த பாதிச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து நான்கு மாதம் கட்டினார்கள். பெரியவள் இரண்டு விரற்கடை உயர்ந்தாள், பதினேழு வரை எண்ணக் கற்றாள்.

ஐந்தாம் மாதம் கம்பெனியில் ஓவர்டைம் நின்றது. கட்டணத்துக்குக் கடைசி நாள் பத்தாம் தேதி, பகல் பன்னிரண்டு மணி. டீச்சர் கூடத்தை ஆயாவிடம் விட்டுவிட்டு, கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள். கவுன்டரில் இருந்த பெண் எண்ணிப் பார்த்து, "குறையுதே மேடம்" என்றாள். "சாயங்காலம் கொண்டாந்துடறேன்மா." "சிஸ்டம் பன்னிரண்டுக்கு மூடிடும் மேடம், என் கையில இல்ல." கம்பி வழியாக வகுப்பறை தெரிந்தது. பெரியவள் பலூன் படத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. விரல் அடுத்த பலூனுக்குப் போனது, வாய் திறந்தது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு. வாய் மூடிக்கொண்டது. அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, கூடத்துப் பதிவேட்டில் பெயரை மறுபடி எழுதியது டீச்சர்தான். பேனா பிடிக்காமல் பென்சிலில் எழுதினாள்.

பதினான்கு மாதம் கழித்துத் தங்கை ஒரு சீட்டுப் பணத்தில் ஒரு மாதம் கட்டினாள். அன்று மதியச் சாப்பாட்டின் நடுவில், யாரும் கேட்காமல், பெரியவள் "பதினெட்டு" என்றாள். இப்படியே போயிற்று. சில வருடம் இரண்டு மாதம், சில வருடம் ஒன்றுமில்லை. சின்னவள் அக்காவின் உயரத்தை எட்டினாள், தாண்டினாள், அக்காவின் சட்டைகள் தனக்குச் சேராது என்று திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் பெரியவள் பெரியவள்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற சின்னவள் தாமதமாக வந்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "எங்கடி சுத்திட்டு வர்ற?" என்று கேட்பாள். சின்னவள் செருப்பைக் கழற்றியபடி காரணம் சொல்வாள். டீச்சர் மாதம் ஒரு மனு எழுதினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் இருநூற்றுப் பன்னிரண்டு முறை வந்தது. அவள் ஓய்வு பெற்ற அன்று புதிதாக வந்தவளிடம் பொறுப்பை ஒப்படைத்தாள்: பாய் ஆறு, நாற்காலி பன்னிரண்டு, பிள்ளைகள் எட்டு. எட்டாவது பெயர் பென்சிலில் இருந்தது.

அப்போது பெரியவள் மொத்தம் பதினொரு மாதம்தான் வளர்ந்திருந்தாள். மீதிப் பன்னிரண்டு மாதத்தையும் சின்னவள் கட்டினாள், மருந்துக் கடையில் பில் போடும் வேலை கிடைத்த முதல் சம்பளத்திலிருந்து, பத்தாம் தேதிக்குக் காத்திராமல் ஒன்றாம் தேதியே. கடைக்காரன் கடையை விற்கப் போகிறானாம் என்று ஏழாம் மாதம் ஒரு பேச்சு வந்தபோது டீச்சர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. விற்கவில்லை.

தொடக்கப் பள்ளியில் சேர்க்கை நாளன்று டீச்சர், தங்கை, சின்னவள், பெரியவள் என நால்வரும் வரிசையில் நின்றார்கள். மேசைக்காரர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், ரசீதுக் கட்டைப் பார்த்தார். "பிறந்த தேதிப்படி இருபத்திரண்டு வருது. ரசீதுப்படி அஞ்சு. நாங்க ரசீதத்தான் எடுத்துக்கறது" என்றார். டீச்சர் விட்ட மூச்சு மேசையில் இருந்த தாளை நகர்த்தியது. "பாப்பாவுக்கு நீங்க யாரும்மா? அம்மாவா?" என்று சின்னவளைக் கேட்டார்.

"தங்கச்சி சார்."

அவர் பாதுகாவலர் என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார். மணி அடித்தது. சின்னவள் வகுப்பு வாசல் வரை கையைப் பிடித்துக்கொண்டே போனாள். பெரியவள் நிமிர்ந்து பார்த்து, "கைய விடுடி, எனக்குப் போகத் தெரியும்" என்றாள். அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கம் இல்லாததால் சின்னவள் விட்டாள்.