விடு

துப்பாக்கியால் மண்புறா சுட்டால் ஊழியர்களிடையே ஒற்றுமை வளரும் என்று மேனேஜர் எங்கோ படித்திருந்தார். ஆகவே அட்டைப்பெட்டிக் கம்பெனியின் அலுவலகம் மொத்தமும், அவரைச் சேர்க்காமல் ஆறு பேர், ஒரு சனிக்கிழமை காலையில் காதுமூடி மாட்டிக்கொண்டு புல்வெளியில் நின்றது. மேனேஜர் பதினோரு பைகள் வைத்த சட்டை போட்டிருந்தார். பத்தில் ஒன்றுமில்லை. மார்புப் பையில் மட்டும் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ஆறில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லித் தலைமையகம் எழுதிய கடிதம் அது. யார் என்பதை அவர் திங்கட்கிழமைக்குள் டிக் அடிக்க வேண்டும். இது பரம ரகசியம். அதனால் எல்லாருக்கும் தெரியும்; அவர் ஜோக்கு முடிவதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் பார்க்காதீங்க, புறான்னு பேருதான், வெறும் களிமண் தட்டு," என்றார் பயிற்சியாளர். "முன்னாடி மைக் இருக்கு. 'விடு'ன்னு குரல் கேட்டா மெஷின் எறியும். இன்னொண்ணு, புறாவைச் சுடாதீங்க. அது போகப்போற இடத்தைச் சுடுங்க."

மேனேஜர் முதலில் போனார். மைக்கைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "எங்க வம்சமே வேட்டைக்கார வம்சம்," என்று தொடங்கினார். வார்த்தைக்கு ஒரு புறா பறந்தது. "இரு, இரு, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!" அதற்கு ஆறு. அப்புறம் பத்து முறை சுட்டார். ஒன்றும் உடையவில்லை. "காத்து குறுக்க வருது," என்றார். ஒரு புல்கூட அசையவில்லை. எல்லாரும் காற்றைத் திட்டினார்கள். அவர் மைக் கம்பியைக் காலால் ஒரு எத்து எத்திவிட்டு வந்தார்.

அடுத்தது 'ம்'. சரக்கு அனுப்பும் பிரிவில் பதினேழு வருஷம். ஆமாம் என்பதற்கும் 'ம்', இல்லை என்பதற்கும் 'ம்'. அவர் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த 'ம்' ஆமாம், எந்த 'ம்' இல்லை என்று பிரித்தறியத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி.

"போடா, வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இன்னிக்காவது திற," என்று முதுகில் தட்டி அனுப்பினார் ஸ்டோர் கீப்பர். சாவிக்கொத்து இடுப்பைவிட்டு இறங்காததால் அவரை மேனேஜர் முதல் எல்லாரும் 'பூட்டு' என்பார்கள். அவரும் 'ம்'மும் பதினேழு வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள்.

"விடு," என்றார் 'ம்'. மெஷின் அசையவில்லை. இன்னொரு முறை சொன்னார்.

"நீ இருக்கிறது மெஷினுக்கே தெரியலயேப்பா!" மேனேஜர் மார்புப் பையைத் தொட்டுக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். பூட்டும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

'ம்' தலையைக் குனிந்துகொண்டார். மனசுக்குள் மட்டும் சொன்னார்: விடு.

சட்டக். புறா பறந்தது. பயத்தில் விசை இழுபட்டது, தோளில் மாடு முட்டியதுபோல் ஓர் அடி, வானத்தில் தூள். அடுத்ததை உதட்டை இறுக மூடிக்கொண்டே பறக்கவிட்டார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. யாரும் கைதட்டவில்லை. பயிற்சியாளர் மைக்கிடம் குனிந்து, புல்லில் கழன்று கிடந்த கம்பியை எடுத்தார். "இது எப்போ கழண்டுச்சு?" என்று கம்பியிடமே கேட்டார். தட்டுகளும் தீர்ந்திருந்தன. போய் மெஷினை அணைத்தார்.

நிஜமாகவே அணைந்ததா என்று 'ம்' நினைத்துப் பார்த்தார். விடு.

அணைந்த மெஷினின் வெறுங்கை ஒரு முறை சுழன்று நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில் பூட்டு, 'ம்'மின் வலிக்கிற தோளில் சாய்ந்து தூங்கினார். வெயில் கண்ணைக் குத்தியது. திரையை இழுத்தால் தேவலை என்று 'ம்' நினைத்தார். முன் வரிசையிலிருந்த டைப்பிஸ்ட் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்டி அவர் ஜன்னலின் திரையை இழுத்துவிட்டாள்.

அதன்பிறகு அவர் எதையும் நினைக்கவில்லை. கம்பங்களை எண்ணினார்.

முதல் சீட்டில் மேனேஜர் காகிதத்தை விரித்தார். பேனாவைத் திறந்தார். ஆறு பெயர்களுக்கு மேலே பேனா அப்படியே நின்றது, தட்டை ஏந்தி நின்ற மெஷினின் கை மாதிரி. எதற்கோ காதுகொடுத்திருப்பவர்போல் அவர் தலை சாய்ந்திருந்தது.

ஒரு பெயரும் வரக் கூடாது. யாருடையதும். 'ம்' கண்ணை இறுக மூடினார். மனசை மூடு, என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மூடு. பூட்டு.

மேனேஜர் மெல்லத் திரும்பினார். "பூட்டுன்னு யாரோ சொன்ன மாதிரி இருந்துதே. நீயாப்பா?"

இல்லை சார், இல்லவே இல்லை என்று கத்துவதற்காக 'ம்' வாயைத் திறந்தார்.

"ம்," என்றார்.

அவர் மனைவி அந்தப் பஸ்ஸில் இல்லை. பூட்டு தூக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். சாவிக்கொத்து ஒரு முறை குலுங்கியது. முன்னால் பேனா மெதுவாக இறங்கத் தொடங்கியது.