பெயருக்குப் பக்கத்தில் ஒரு மாலை

கணவர் திருஞானசம்பந்தத்தின் வாயைத் துடைத்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு எழுந்தபோது இந்திராணியின் போன் டிங்கென்றது. 'அக்கா, எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி.' அனுப்பியவள் ஜெயப்ரியா, குழுவை நடத்துகிறவள். எதற்குப் பாக்கி என்று கேட்க வேண்டியதில்லை. காலையிலிருந்து அந்த ஒன்றுக்குப் பதில் சொல்லாமல்தான் இந்திராணி அடுப்புக்கும் கட்டிலுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். பூவம்மாளைக் குழுவிலிருந்து எடுத்துவிடலாமா, வேண்டாமா? எடுக்கலாம் என்றால் கட்டைவிரல் பொம்மை ஒன்றைத் தட்டிவிட வேண்டும். ஈ ஓட்டுகிற அளவு வேலைகூட இல்லை. இன்றைக்குத் தறிக்கு நூல்தார் சுற்றுவதும் கிடையாது என்பதால் கை வேறு சும்மா இருந்தது.

பக்கவாதத்தில் படுத்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான குழு அது. பெயர் பக்கத்துணை. சம்பந்தத்துக்கு வலது கையும் காலும் பேச்சும் போய் இரண்டு வருஷமாகிறது. மிச்சம் இருப்பது 'தா' என்கிற ஒரே சத்தம். தண்ணீர் என்றாலும் தா, வலி என்றாலும் தா, கொசு கடித்தாலும் தா. தறி இருந்த இடத்தில் கட்டில் வந்தது. முதலில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்த சொந்தபந்தம் பிறகு கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் வந்தது, அதையும் வாசற்படியில் நின்றபடியே நீட்டிவிட்டுப் போனது. ஓசூரில் இருக்கும் மகள் சங்கீதா ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். "நல்லாயிருக்கியாம்மா?" "நல்லாயிருக்கோம்மா." அதோடு சரி. இந்திராணி பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்தபடி நாளுக்கு நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். அந்த நாலும்கூட கத்தித்தான். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு இந்தப் பக்கமும் தறி, அந்தப் பக்கமும் தறி. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அந்தத் தெருவுக்கே குரல் பெரிசு.

அப்படி இருந்தபோதுதான் சங்கீதா அவளைக் குழுவில் சேர்த்துவிட்டாள். சேர்ந்த அன்றே ஒரு குரல் பதிவு வந்தது. "இன்னாமா, புதுசா? உன் ஆளு எப்டி இருக்கிறாரு? என் ஆளு காலைலேர்ந்து மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்குது. நானா போயி அதும் மூளைல ரத்தத்த அடைச்சேன்?" வாலாஜாபாத்தில் ரைஸ்மில்லுக்குப் பின்னால் வீடாம், பெயர் பூவம்மாள், புருஷன் பெயர் துரைக்கண்ணு. இந்திராணி சிரித்துவிட்டாள். சிரித்த சத்தம் கேட்டு அவளே திடுக்கிட்டாள். அவ்வளவு நாளாகியிருந்தது.

அன்றிலிருந்து அடுப்பங்கரையில் நின்று அவள் போனில் பேசுவாள். தறிகளின் தடதடப்பில் கட்டிலுக்கு ஒரு எழுத்து எட்டாது. பூவம்மாள் அங்கிருந்து பதிலுக்குப் பொரிந்து தள்ளுவாள். முகம் தெரியாது, அந்த ஆப்பில் போன் நம்பரும் தெரியாது. யாரோ ஒருத்தர் பெண்களுக்குத் தொல்லை கொடுத்த நாளிலிருந்து நம்பர் போட்டாலே அழித்துவிடும்படி செய்திருந்தார்கள். குரல் ஒன்றுதான்.

ஜெயப்ரியாவைக் குறை சொல்ல முடியாது. அம்மாவை ஏழு வருஷம் பார்த்துக்கொண்டவள். குழுவில் ஒருநாள் பெரிய சண்டை. படுக்கைப்புண் வந்ததைச் சொன்ன ஒரு பெண்ணை இன்னொருவர், 'கவனிக்கத் துப்பில்லையா' என்று கேட்டு, அவள் அழுதுகொண்டே வெளியேறிவிட்டாள். அதற்கப்புறம்தான் பூ வந்தது. அன்பாகப் பதில் சொன்னால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பூ. பூக்கள் சேர்ந்தால் மாலை. மாலை வாங்கியவர்களுக்குப் போனிலேயே தனி அறை. பிசியோதெரபி டாக்டர் வாராவாரம் வந்து பேசுவது அந்த அறையில்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தர் மனதை ஒருத்தர் நோகடிப்பது நின்றது. பிறகு என்னவோ ஆயிற்று. 'இது கடவுள் எனக்குக் கொடுத்த பாக்கியம்' என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். மூத்திரப்பை மாற்றுவது பாக்கியமாம்! மாலைக்காரர்கள் மாலைக்காரர்களுக்கே பூப் போட்டுக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்கள் வெளியே எதையாவது கேட்டுவிட்டு நாள்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். உள்ளே அவர்களுக்குப் பெயரே 'வெளியில இருக்கறவங்க' என்றாகிவிட்டது.

இந்திராணிக்கு இயல்பாகவே இதமான பேச்சு. கவலைப்படாதீங்க, சரியாயிடும் என்று சொல்லிச் சொல்லியே மாலை வந்துவிட்டது. பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. கணவனின் கண்ணுக்கு நேரே போனைப் பிடித்துக் காட்டினாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி பிசைந்துவிட்டதில் அவருடைய வலது விரல்கள் கொஞ்சம் விரியவும் செய்தன. பூவம்மாள் மட்டும் சும்மா விடவில்லை. "இன்னாமா, மாலை போட்டுக்கினியா? இனிமே உன்ன சாமின்னு கூப்டணுமா?"

ஆனால் அந்த அறையில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருமுறை 'முதுகு முறியுது' என்று எழுதிப் பார்த்தாள் இந்திராணி. மேலே வரிசையாக மாலைகள். முதலில் புலம்பினவள் என்று பெயர் வாங்க யாருக்கு மனசு வரும்? அழித்துவிட்டு 'இனிய காலை வணக்கம்' என்று போட்டாள். குழுவில் சேருவதற்கு முன்னால்கூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று தோன்றியது.

நேற்று பூவம்மாள் வெளியே, பொதுக் குழுவில், ஒரு பதிவு போட்டாள். வழக்கமான நக்கல் இல்லை. "தெனம் விடிகாலைல எழுந்து அதும் மூக்குல கை வெச்சிப் பாக்குறேன். மூச்சு வருது. வந்தா சந்தோசம் வரணும் இல்ல? வரலமா. சே, இன்னிக்குமான்னு இருக்குது. இத எங்க போயி சொல்றது? சொல்றதுக்குத்தான இந்த குரூப்பு?" அறைக்குள் ஒரே கலவரம். ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரித்தாயிற்று, மற்றவர்கள் மனசு கெடும், நம் குழுவின் தரம் என்ன ஆவது என்றார்கள். ஒரு ஆளை எடுக்க மாலைக்காரர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்பது விதி. இந்திராணி அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். காதோடு வைத்துக் கேட்டாள். பெயர் தெரியாமலிருந்தால் தன் குரல் என்றே நினைத்திருப்பாள்.

கட்டைவிரலைத் தட்டினால் பூவம்மாள் போய்விடுவாள். அந்தக் குரலை அப்புறம் எந்த ஊரில் தேடுவது? தட்டாவிட்டால் மாலையைப் பிடுங்கிக்கொள்வார்கள், இந்த அறை போய்விடும், டாக்டர் போய்விடுவார், இப்போதுதான் விரிந்திருக்கிற விரல்கள் என்ன ஆகும்? கிண்ணத்தைத் தொட்டியில் போட்டாள். அடுப்பங்கரையில் வழக்கமான இடத்தில் நின்று மைக்கை அழுத்தினாள்.

"நான் இந்திராணி பேசறேன். பூவம்மா சொன்னது தப்புன்னா நான் நெனைக்கிறதும் தப்புதான். நானுந்தான் அவரு மூக்குல கை வெச்சிப் பாக்குறேன். மூச்சு வந்தா, ஐயோ இன்னொரு நாளான்னு இருக்குது. அவரு போயிட்டாத் தேவலன்னு இருக்குது. அப்டி நெனச்சிட்டுத்தான் போயி ஒடம்பத் தொடச்சி உடறேன். பாக்கியமாம் பாக்கியம்! பூவம்மாவ எடுக்கறதுன்னா என்னயும் எடுத்துடுங்கமா."

விரலை எடுத்தாள். பதிவு போய்விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சுச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு அமாவாசை. அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். முனிரத்தினம் வீட்டார் பூட்டிக்கொண்டு மாகறல் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தெருவே ஊமையாகக் கிடந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அதே குரலில் அவள் பேசி முடித்திருந்தாள்.

"தா" என்றார் சம்பந்தம்.

போனைக் கையில் பிடித்தபடியே வந்தாள். அவர் தலையை இந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவு கெட்டவளே, அறிவு கெட்டவளே என்று தன்னையே வைதுகொண்டாள்.

"தண்ணியா?"

இல்லை என்று தலை அசைந்தது.

"நான் சும்மா... அது அவங்களுக்குச் சொன்னதுங்க. மனசாரச் சொல்லல."

அதற்கும் தலை இல்லை என்றே அசைந்தது. அவர் இடது கையை நீட்டினார். நீட்டியது போனுக்கு. விட்டெறியப்போகிறார் என்று நினைத்தாள். எறியட்டும் என்று கொடுத்தாள். திரையில் ஜெயப்ரியா எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. சம்பந்தம் போனை நெஞ்சின்மேல் சாய்த்துவைத்து, கட்டைவிரலால் தடவித் தடவி மைக்கைக் கண்டுபிடித்து அழுத்தினார். எத்தனை தடவை கட்டிலிலிருந்தே பார்த்திருப்பார், அவள் அழுத்துவதை!

"தா" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "தா... தா தா..." அது தண்ணீருக்கான சத்தம் இல்லை. வலிக்கானதும் இல்லை. இரண்டு வருஷத்தில் அவள் கேட்டிராத ஏற்ற இறக்கத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில வேகமாக, சில இழுத்து, ஒன்று கேள்வி போல. திட்டுகிறாரா, கெஞ்சுகிறாரா, அவள் சொன்னதையேதான் அவரும் சொல்கிறாரா? இந்திராணி போனைப் பிடுங்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் நெஞ்சு ஏறி இறங்க, அதன்மேல் போனும் ஏறி இறங்கியது. திரையில் பதிவு நேரத்தின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் இன்னும் பேசி முடிக்கவில்லை.