அரைச் சுற்று

டிரில்லிங் மிஷின் திடீரென்று உள்ளே பாய்ந்தது. முழங்கை சுவரில் இடிபட ஃபிட்டர் நின்றான். கான்கிரீட் என்றால் கடைசிவரை முரண்டு பிடிக்க வேண்டும். இதுவோ இரண்டு விரற்கடை போனதும் வெறும் காற்று. ஓட்டைக்குள் போன் வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தான். முன்னால் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தோல், பின்னால் பொந்து. ஹாலோ பிளாக் சுவர்!

இந்த வீட்டுக்கு நேர் மேல்மாடிதான் அவன் அக்கா வீடு. நேற்றுதான் அங்கே, இதே போன்ற குளியலறைச் சுவரில், இருபத்தைந்து லிட்டர் கெய்சரை இரண்டு ஆங்கர் போல்ட்டை நம்பித் தொங்கவிட்டு வந்திருந்தான்.

நட்டை முறுக்க முறுக்க உறை விரிந்து சுவரைக் கவ்விக்கொள்வதுதான் அந்த போல்ட்டின் வேலை. கவ்வுவதற்குக் கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டாமா? பொந்துச் சுவருக்கென்று இருக்கும் வேறு வகை, கொடுமையைப் பாருங்கள், அவன் பையிலேயே கிடந்தது. நேற்று இரண்டாவது ஓட்டையிலும் மிஷின் இப்படித்தான் குதித்தது.

"ஒரு ஓட்டைக்கு இவ்ளோ நேரமா மச்சான்? கிணறா வெட்ற?" என்று அக்கா புருஷன் வாசலில் நின்று கிண்டலடித்துக்கொண்டிருந்தார். அந்த ரோஷத்தில், பூச்சுக்குள் ஏதோ இடைவெளி என்று இவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். போல்ட் வெறுமனே சுற்றியது. அரைச் சுற்று கூடுதலாக முறுக்கினான், இறுகியது போலிருந்தது. துணியால் துடைத்துவிட்டுப் பெருமையாக வந்துவிட்டான்.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். அக்கா கதவைத் திறந்தாள்.

"பாத்ரூம்ல யாருக்கா?"

"மாமா குளிக்கிறாரு. ஏன்டா, பேயறஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

குளியலறைக் கதவை உடைக்காத குறையாகத் தட்டினான். "மாமா, வெளிய வாங்க! அப்படியே வாங்க!"

தலையெல்லாம் நுரை, இடுப்பில் துண்டு. "வீடு தீப்பிடிச்சிருச்சா? மனுஷன நிம்மதியா குளிக்க விடமாட்டியா?"

ஃபிட்டர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கெய்சருக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து லேசாகத் தூக்கினான். அவ்வளவுதான். வலப்பக்க போல்ட், டைல்ஸ் சில்லோடும் தூளோடும் உருவிக்கொண்டு கீழே விழுந்தது. மொத்த பாரமும் அவன் தோளுக்குச் சரிந்தது.

"பிடிங்க மாமா!"

அக்கா குழாயை அடைக்க, இருவரும் திணறித் திணறி அதை இறக்கி வைத்தார்கள். இடப்பக்க போல்ட்டைச் சுற்றியும் டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது.

மாமா, நுரை கண்ணில் வழிவது தெரியாமல், கெய்சர் தொங்கிய இடத்துக்கு நேர் கீழே கிடந்த, குழந்தையைக் குளிப்பாட்டும் நீல டப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில பாப்பா இதுலதான் இருந்தா," என்றார். "எழுந்திரிக்கவே மாட்டேன்னு அரை மணி நேரம் ஆட்டம் போட்டா."

அக்கா டப்பை இழுத்து வெளியே போட்டாள்.

"சுவரு இப்படின்னு உனக்கு எப்படிடா தெரியும்? பாவம், ஓடிவந்து காப்பாத்தினியே," என்று மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஃபிட்டர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"போல்ட் பிடிக்கலன்னு நேத்தே தெரியும் மாமா," என்றான்.