தாமதம்: ஒரு நாள்

1.
தொற்றுநோய் பற்றிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் அட்டவணையில் ‘பரிசோதனை முடிவு வரத் தாமதம்: ஒரு நாள்’ என்று படித்தேன். ஒரு நாளில் யாருக்கு வந்தது? அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மழை விடாத ஒரு காலையில் அவள் தன் கணினியை — வேண்டாம். மழை பெய்தால் யாருக்கு என்ன.

2.
அவள் தொற்றுநோய் எப்படிப் பரவும் என்று கணினியில் கணித மாதிரி போட்டுக் கணக்கிடுபவள். முதியோர் இல்லப் பணியாளர்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதிப்பது என்று சுகாதாரத் துறைக்குச் சொல்ல வேண்டும். ஆய்வக முடிவு வர நான்கு நாளாகும் என்பது அவளுக்குத் தெரியும். நான்கு என்று போட்டாள். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று விடை வந்தது.

“அவ்வளவு கிட் எங்ககிட்ட இல்லம்மா,” என்றார் அதிகாரி. “அடுத்த மாசம் புது மெஷின் வந்துடும். ஒரே நாள்ல ரிசல்ட். ஒண்ணுன்னே போடுங்க.”

போட்டாள். வாரம் ஒருமுறை போதும் என்று வந்தது. மெஷின் வரவில்லை.

(அதிகாரியைக் கெட்டவராக எழுத ஆசைப்பட்டேன். பாவம், இருந்த கிட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த மனுஷர். பழியை அவர் தலையில் கட்டினால் எனக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.)

3.
அவளுடைய அக்காவுக்கு அப்படியோர் இல்லத்தில் வேலை. நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டுவாள், ஊட்டிவிடுவாள். திங்களன்று மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தொற்று இருப்பதாக வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. இடையில் ஒரு நாளும் அவள் லீவு போடவில்லை.

பதினொரு பேர் இறந்தார்கள். (முதல் வரைவில் மூன்று பேர். மூன்றைப் படித்துவிட்டு என்னால் சாப்பிடப் போக முடிந்தது. திருத்தினேன்.)

4.
தங்கை, தாமதம் ஒன்று என்றிருந்ததை அழித்து நான்கு போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு பரிசோதனை வைத்து, மாதிரியை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாள். பெரும்பாலும் ஒருவர், இருவர்தான் இறந்தார்கள். நானும் என் பங்குக்கு இறந்தவர் எண்ணிக்கையைப் பூஜ்யமாகத் திருத்திப் பார்த்தேன். பதினொரு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். வெட்கமாக இருந்தது; அடித்துவிட்டேன்.

5.
அக்கா இப்போது வேலைக்குப் போவதில்லை. தங்கை வீட்டுச் சமையலறையில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள்.

“இந்தக் கையாலதானே எல்லாருக்கும் ஊட்டினேன்.”

முடிவு அ: ஒன்று என்று போட்டது தான்தான் எனத் தங்கை சொல்லிவிடுகிறாள். அக்காவின் பாரம் இறங்குகிறது. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

முடிவு ஆ: “உன் தப்பு இல்லக்கா,” என்று மட்டும் சொல்கிறாள். அக்கா தலையாட்டிவிட்டுத் திரும்பவும் சோப்பை எடுக்கிறாள்.

முடிவு இ: தங்கை வாயைத் திறப்பதற்குள் —

அக்கா குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். “நீதான் இதையெல்லாம் படிச்சவளாச்சே. வாரம் ஒரு டெஸ்ட் போதும்னு எவன்டி சொன்னான்?”

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. பதிலை நீங்கள் சொல்லுங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அதுவரை அக்கா குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டிருப்பாள்.