பனையேறிக் கெண்டைக்குக் கால் எங்கே?

மீனுக்குக் கால் எங்கே என்று கேட்டால் ஊர் சிரிக்கும். ரத்னாவோ அந்தக் கேள்விக்காகச் சென்னைக் கல்லூரி ஒன்றில் ஒன்றரை வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மழை நாளில் தண்ணீரை விட்டு ஏறித் தரையில் நடக்கும் பனையேறிக் கெண்டை, செவுள் மூடியை ஊன்றித்தான் நடக்கிறது என்பது அவள் கட்சி. துடுப்பை ஊன்றி நடக்கிறது என்பது பேராசிரியர் அருணாச்சலத்தின் கட்சி. மனிதர் நல்லவர்தான். ஆனால் தன் கண்ணால் பார்க்காத எதையும் லேசில் நம்பிவிட மாட்டார்.

"படம் பிடிச்சுக் காட்டும்மா. இல்லேன்னா ஆராய்ச்சியிலேர்ந்து அந்த அத்தியாயத்தை எடுத்துடு" என்று சொல்லிவிட்டார். சாவி கொடுத்து ஓட்டும் சினிமா கேமரா ஒன்றையும், மூன்று நிமிஷம்கூட ஓடாத ஒரே ஒரு பிலிம் சுருளையும் கையில் கொடுத்தார். அறுபத்தேழாம் வருஷத்தில் பிலிம் என்ன கடையில் தொங்குகிற சாமானா? இதை வீணாக்கினால் அடுத்தது எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்! அந்த அத்தியாயம் போய்விட்டால் மிச்சமிருப்பது மீனின் எலும்புக் கணக்குதான். அதை எழுத ரத்னா எதற்கு?

ஐப்பசியின் முதல் பெருமழைக்கு மறுநாள் காலை செவ்வாப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கினாள். கேமராவைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, தூறலில் கெங்கம்மாள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். எட்டாம் வகுப்பு வரை இருவரும் ஒரே பெஞ்சு. கெங்கம்மாள் இப்போது ஆறு ஏக்கர் நெல்வயலைக் கட்டி மேய்க்கிறவள்.

"இன்னாடி இப்டி நனைஞ்சிகினு வர்றே? உன் கடுதாசி வந்துச்சி. காத்தாலயே வயலுக்குப் போயி ஆறு மீனு புடிச்சி பானையில போட்டு வெச்சிருக்கேன். மொதல்ல நாஷ்டா துன்னு."

நாஷ்டாவாவது ஒன்றாவது! தூறல் நின்று வெயில் எட்டிப் பார்த்தது. மறுபடி மேகம் மூடினால் படம் விழாது. ரத்னா நெல் அடிக்கும் களத்துக்கு ஓடி, ஈர மண்ணில் ஓர் அடிக்கோலை வைத்தாள். அதன் பக்கத்தில் கெங்கம்மாள் முதல் மீனை விட்டாள். கேமரா கிரீச்சிட்டு ஓடத் தொடங்கியது.

மீன் வாலை அடித்தது. துடுப்பைப் படபடவென்று ஆட்டியது. ஒருக்களித்து விழுந்து, கிடந்த இடத்திலேயே சுற்றியது. அடுத்த மீனும் அப்படியே. 'இதோ, இப்போ நடந்துடும்' என்று நப்பாசையில் ஓட்டிக்கொண்டே இருந்தாள். நாலாவது மீனும் கவிழ்ந்த பிறகுதான் மிச்ச பிலிமைக் காட்டும் கேமரா முள்ளைப் பார்த்தாள். நாற்பது விநாடி பிலிம்தான் பாக்கி.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் பொய்யா? அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கெங்கம்மாள் பதறிப்போனாள். "ஏன்டி அழுவுறே? எல்லாம் நல்ல மீனுதானே! உன் கை கிழியக் கூடாதுன்னு ஒண்ணொண்ணா பாக்குவெட்டில நறுக்கிக் குடுத்தேனே!"

"எதைடி நறுக்குன?"

"செவுளாண்ட இருக்கற முள்ளைத்தான். எங்க ஊட்ல நறுக்காம எவளும் பானையில போட மாட்டா. ஏறுச்சின்னா ரத்தம் நிக்காது."

ரத்னா ஒரு மீனை எடுத்துச் செவுள் ஓரத்தைத் தடவினாள். ரம்பம் போல இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே நின்றது. துடுப்பு முழுசாக இருக்கிறது. வாலும் முழுசாக இருக்கிறது. முள் மட்டும்தான் இல்லை. முள் இல்லாததால் நடையும் இல்லை!

"அடிப் பாவி!" என்று கத்தி, சேற்றுக் கையோடு தோழியைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னாடி இது, திட்றியா கொஞ்சுறியா?"

"முள்ளு இருக்கற மீனு வேணும், கெங்கா. ஒண்ணே ஒண்ணு. வெயிலு போறதுக்குள்ள!"

கெங்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் பறந்தாள். வாய்க்கால் ஓரப் புல்லில் கையை விட்டாள். "யம்மா!" என்று அலறினாள். கட்டைவிரலில் ரத்தம் வழிந்தது. மீனை மட்டும் விடவில்லை. அதே களம், அதே அடிக்கோல். ரத்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

இடது செவுள் மூடி விசிறியாக விரிந்தது. முள் மண்ணில் குத்தி நின்றது. வால் ஒரு தள்ளு தள்ளியது, உடம்பு எகிறி முன்னால் விழுந்தது. அப்புறம் வலது செவுள். மறுபடி இடது. துடுப்புகள் உடம்பு கவிழாமல் பார்த்துக்கொண்டதோடு சரி. இடுப்பை ஒடித்து ஒடித்து நடக்கிற ஆசாமி மாதிரி, அந்த மீன் அடிக்கோலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது!

"நடக்குதுடி! செவுளாலயே எட்டு வெச்சி நடக்குது!" கெங்கம்மாள் ரத்தக் கையைத் தட்டிக் குதித்தாள். பிறந்ததிலிருந்து அந்த மீனைப் பார்த்தவள்தான். எதை ஊன்றி நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். ஓடி வந்து மீனை அவள் எடுக்கவும் பிலிம் தீரவும் சரியாக இருந்தது.

அடுத்த மாதம், கல்லூரியின் இருட்டறையில் அருணாச்சலம் அந்தப் படத்தை மூன்று முறை ஓட்டச் சொன்னார்.

"துடுப்பை விட்டுட்டு முள்ளை மட்டும் வெட்டிப் பார்த்திருக்கே. அங்கதான் நான் தோத்தேன். யாரோட யோசனை?"

என்னுடையது என்ற வார்த்தை ரத்னாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. திரையில் ரத்தம் வழியும் கட்டைவிரலோடு ஒரு கை மீனை எடுத்துக்கொண்டிருந்தது.

"கெங்கம்மாள்னு ஒருத்தி, சார். செவ்வாப்பேட்டை பக்கம் நெல்லு பயிர் பண்றா. என் கை கிழியக் கூடாதுன்னு செஞ்சா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அத்தியாயத்தோட முதல் வரியிலேயே அவ பேரைப் போடு" என்றார்.