பார்த்தது முதுகுதான்

வேலூரில் சமூகவியல் படித்த தேவகிருபை, துணைப்பாடமாகக் குற்றவியலை எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பொருளாதாரப் பாடத்துக்குப் பயந்தாள், அவ்வளவுதான். வாரம் ஒருநாள் செஷன்ஸ் கோர்ட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். 1983 ஆகஸ்டில் அப்படிப் போனபோது ஒரு கொலை வழக்கு நடந்தது.

ஆம்பூரில் காலை ஷிப்டுக்குப் போன மக்பூல் அகமதுவை, தோல் பதனிடும் டேனரி வாசலில் யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் ஓடிவந்த மனைவி முனவ்வர் பேகம்தான் ஒரே சாட்சி. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் மக்பூலோடு வேலை பார்த்த சீனிவாசன். முந்தின நாள் இருவருக்கும் சண்டை.

"குத்துனது இவன்தானே?" என்றார் அரசு வக்கீல்.

முனவ்வர் சீனிவாசனை வெகுநேரம் பார்த்தாள். "தெரியாதுங்க. நான் முதுகைத்தான் பார்த்தேன்."

"போலீஸ்ல பேர் சொல்லியிருக்கியேம்மா."

"பேரை அவங்கதான் சொன்னாங்க. அழுதுனு இருந்தேன், ஆமான்னுட்டேன். இப்போ சத்தியம் வாங்கிக்கினு கேக்குறீங்களே."

அவளைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கும்படி வக்கீல் கேட்டார். பிறழ் சாட்சி என்றால் பயந்தோ விலைபோயோ புரட்டிப் பேசுகிறவர்கள் என்றுதான் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் அவர் மாற்றி மாற்றிக் கேட்டும் முனவ்வரின் பதில் மாறவில்லை. அவளை அழைத்துவந்த கொழுந்தன் நயீம் அகமது பாதியிலேயே எழுந்து போய்விட்டான். தேவகிருபை எழுதுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே முனவ்வர் தனியாக நின்றாள். தேவகிருபை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, நிஜமாவே அந்த ஆளே குத்தியிருந்தா?"

"இருக்கலாம்மா. எனக்கும் அவன் மேலதான் சந்தேகம் ஜாஸ்தி." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆனா நான் பாக்கலயே."

பிறகு, "ஆம்பூர் பஸ்ஸு எங்க நிக்கும்?" என்று கேட்டாள்.

"வாங்க, நான் காட்டுறேன்" என்றாள் தேவகிருபை. வழிகாட்ட வந்தவள்தான், ஆனாலும் முனவ்வருக்குச் சமமாகப் பக்கத்தில் நடக்கக் கூச்சமாக இருந்தது. அரை அடி பின்னாலேயே போனாள். பஸ் கிளம்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

அந்த மாதக் கடைசியில் சீனிவாசன் விடுதலையானான். குத்தியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.