பொட்டு அழியாத கிங்பின்

1

இந்தக் கதை ஒரு பஸ்ஸில் என் காதில் விழுந்த ஒரே ஒரு வசனத்திலிருந்து வந்தது. முள்ளியவளைக்குப் போகிற பஸ். எனக்குப் பின்னால் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னாள்:

“களவெடுத்தவன் பொட்டை மட்டும் அழிக்கேல்லையாம்.”

இருவரும் சிரித்தார்கள். அடுத்த தரிப்பில் இறங்கியும் போய்விட்டார்கள். என்ன களவு, யார் களவெடுத்தது, எதில் பொட்டு, ஒன்றும் தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் மிச்சக் கதையைக் கட்டினேன்.

கோபத்தோடு எழுதாதே, ஆறவிட்டு எழுது என்று சொல்வார்கள். ஆறவிட்டால் இது அனுதாபமாகப் போய்விடும். அனுதாபம் எழுதுவதற்கு வேறு ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: கிழக்கு வெளுக்கிற நேரத்தில் விமலேஸ்வரி முற்றத்தைக் கூட்டி

[வேண்டாம். கதையில் ஒரு பெண் வந்தால் உடனே கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிடுகிறோம்.]

இரண்டாவது தொடக்கம்: கணவன் செல்வநாயகம் குவைத்துக்குப் போன பிறகு விமலேஸ்வரி தனி

[இதுவும் வேண்டாம். அவன் போனதிலிருந்துதான் அவள் தொடங்குகிறாளா?]

மூன்றாவது தொடக்கம்: கார் ஆடியது.

இது இருக்கட்டும்.

3

கார் ஆடியது. எண்பத்திரண்டாம் ஆண்டு, கிளிநொச்சி. பழைய ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி. மெதுவாகப் போனால் நல்ல பிள்ளை. பரந்தன் பக்கம் நேர் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தால் முன்சில்லு நடுங்கத் தொடங்கும். நடுக்கம் ஸ்ரியரிங்கில் ஏறி, அதைப் பிடித்திருக்கிற கையில் ஏறி, முழங்கை வரை வரும். பின்சீட்டில் இருப்பவர்கள் அம்மாளாச்சியைக் கூப்பிடத் தொடங்குவார்கள்.

ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்த கை விமலேஸ்வரியுடையது. சந்தையடிக் கார்த் தரிப்பிடத்தில் ஹயருக்கு ஓடுகிற வாடகைக் கார்களில் ஒன்று அவளுடையது. ரீச்சர்மாரும், ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்களும் அவளுடைய காரைத்தான் கேட்டு வருவார்கள்.*

* என் நண்பர் நடராசா முதல் பிரதியைப் படித்துவிட்டு, “உது நம்பேலாது. கிளிநொச்சியில அந்த நாளையில பொம்பிளை ஹயர் ஓடினவளோ? ஒரு டிரைவரைப் போடும்” என்றார். நானும் வெட்கமில்லாமல் போட்டேன். வீரபாகு என்று பெயர், நல்ல மீசை. இரண்டு பக்கத்துக்குள் கார் அவனுடைய கார் மாதிரி, கோபமும் அவனுடைய கோபம் மாதிரி ஆகிவிட்டது. விமலேஸ்வரி தேத்தண்ணி ஊற்றிக் கொண்டிருந்தாள். அவனை இறக்கி விட்டுவிட்டேன். நம்ப முடியாதவர்கள் அவனோடேயே இறங்கிக்கொள்ளலாம்.

4

அதே தரிப்பிடத்தில் அதே மாதிரி இன்னொரு ஏ ஃபோர்ட்டி நின்றது. அது அவளுடைய கணவன் செல்வநாயகத்தின் தமையன் யோகலிங்கத்தின் கார். அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கிய கார்கள். தம்பி குவைத்துக்குப் போனதும் அண்ணன் கேட்டது ஒன்றுதான்.

“பிள்ளை, காரை என்னட்டைத் தா. நான் ஆளைப் போட்டு ஓட்டுறன். உனக்கு ஏன் இந்தத் தொல்லை?”

“எனக்குத் தொல்லை இல்லை அத்தான்.”

ஆட்டம் தொடங்கிய பிறகு அவர் தரிப்பிடத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “கார் ஆடேல்லை. அவவின்ர கைதான் ஆடுது. பொம்பிளைக் கைக்கு அது அடங்காது.”

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தில் வாயை விட்டாள். “வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் இந்த ஆட்டத்தை நிப்பாட்டிக் காட்டுறன். நிக்காட்டி சாவியை உங்கட கையில தாறன்.”

எல்லோரும் கேட்டார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் என்றால் சனம் அள்ளுப்பட்டு வரும், கார்களுக்கு ஓய்வே இருக்காது. அந்த நாளில் அவளுடைய சாவி யாருடைய கையில் இருக்கும் என்பதுதான் இந்தக் கதை. வேறு ஒன்றையும் தேடாதீர்கள்.

5

[இந்தப் பகுதியை எழுதும்போது பேனா முனை ஒருமுறை தாளைக் கிழித்தது.]

கராஜ்காரன் சின்னராசா பெண்களோடு கதைக்க மாட்டான். கூச்சம் என்று ஊர் சொல்லும். அது கூச்சமில்லை. அவள் போய் நின்றால், பக்கத்தில் எந்த ஆண் நிற்கிறானோ அவனிடம் சொல்வான். அன்றைக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த கணபதி நின்றார். காருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“அண்ணை, அவவுக்குச் சொல்லுங்கோ, ரயர் தேய்ஞ்சு போச்செண்டு.”

கணபதி முழித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “ரயர் தேய்ஞ்சு போச்சாம்” என்றார்.

அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள்.

ரயர் மாற்றினாள். ஆடியது. “சொக் அப்சோபர் எண்டு சொல்லுங்கோ.” அதையும் மாற்றினாள். ஆடியது. கடைசியில் அவளே ஜக் வைத்து முன்சில்லைத் தூக்கினாள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து உலுப்பினாள். உள்ளே டக் டக் என்று அடித்தது. மற்றப் பக்கமும் அப்படித்தான். செல்வநாயகம் இப்படிச் செய்து பார்ப்பதை அவள் கண்டிருக்கிறாள். கிங்பின் போய்விட்டது. முன்சில்லு இடமும் வலமும் திரும்புவது அந்தப் பின்னைப் பிடித்துத்தான். அதைச் சுற்றியிருக்கிற புஸ் தேய்ந்தால் சில்லுக்கு நிலை கிடையாது.

சாமான் கிளிநொச்சியில் இல்லை. ஸ்ரேசனில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு சோடி கிங்பின் செற் வாங்கினாள். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று.

திரும்பி வந்தவள் நேரே கராஜுக்குப் போகவில்லை. முறிகண்டிக்குப் போனாள். அந்தப் பாதையில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகிற வாகனம் கிடையாது. கொழும்பு லொறியானாலும் நிறுத்தி, இறங்கி, ஒரு கற்பூரமாவது கொளுத்திவிட்டுத்தான் போகும். ஓடுகிற சாமானுக்கும் அங்கேதான் முதல் மரியாதை. பூசாரியார் இரண்டு கிங்பின்னின் தலையிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்துக் கொடுத்தார்.

6

சின்னராசா பூட்டினான். பூட்டும்போது அவளை உள்ளே விடவில்லை. “ஒயில் கொட்டிக் கிடக்கு, பொம்பிளையள் நிக்கேலாது எண்டு சொல்லுங்கோ.” அன்றைக்கும் யாரோ ஒருவர் நின்றார். சொன்னார்.

பரந்தன் ரோட்டில் ஓடிப் பார்த்தாள். நடுக்கம் குறைந்திருந்தது. நிற்கவில்லை.

“சாமானெல்லாம் புதுசு. இனி ஆட்டம் கையிலதான் எண்டு சொல்லுங்கோ.”

அந்த வார்த்தை யோகலிங்கத்தின் வாயிலிருந்து சின்னராசாவின் வாய்க்கு வந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்த் தன் இரண்டு கைகளையும் நீட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். ஆடவில்லை. ஆனாலும் பார்த்தாளே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சொந்தக் கையையே ஒருத்தி சந்தேகப்படும்படி செய்துவிட்டார்கள்.

7

பொங்கலுக்கு முதல் வாரம், யோகலிங்கத்தின் காருக்குக் காற்றுப் போய்விட்டது. தரிப்பிடத்தில் ஜக் வைத்து வலப்பக்க முன்சில்லைக் கழற்றி வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். விமலேஸ்வரி அந்தப் பக்கம் நடந்து போனாள்.

அவளுக்கு முதலில் தெரிந்தது சிவப்பு. குனிந்தாள். கிங்பின்னின் தலையில் காய்ந்த சந்தனம், அதன் நடுவே குங்குமம். சுற்றிலும் கிறீஸ் பூசியிருந்தது. பொட்டின் மேல் மட்டும் ஒரு துளி படவில்லை. விரலால் கவனமாக விலக்கி விலக்கிப் பூசியிருந்தார்கள்.

தன் காருக்கு ஓடினாள். சேலையைச் செருகிக்கொண்டு கீழே படுத்தாள். இடப்பக்கம் பொட்டு இருந்தது. வலப்பக்கத்தில் பழைய கிங்பின். புஸ் தளர்ந்த இடத்தில் பால்பேணித் தகட்டை வெட்டிச் சுற்றியிருந்தது. பேணியில் இருந்த மாட்டின் பாதி முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழும்பினாள். கராஜ் ரோட்டுக்கு மற்றப் பக்கம்தான், போய் நின்றாள். சின்னராசா சிரித்த முகத்தோடு, பக்கத்தில் ஆண் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தான். ஒருவருமில்லை.

“ஏன் அந்தப் பொட்டை அழிக்கேல்லை?”

மற்றக் கேள்வி எதையும் அவள் கேட்கவில்லை. அவன் முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

“ஐயோ அக்கா, அது முறிகண்டியான்ர பொட்டு. அதில நான் கை வைப்பனோ?”

பொட்டில் கை வைக்கமாட்டான். கிங்பின்னில் வைப்பான். பிள்ளையாருக்குப் பயம். அதைக் கொழும்பிலிருந்து மடியில் வைத்துக் கொண்டு வந்தவளுக்குப் பயமில்லை, அவள் ஒரு கணக்கே இல்லை. பஸ்ஸில் எனக்கு வந்த கோபம் இதுதான் என்று இந்த இடத்தில் கண்டுபிடித்தேன்.

அவனையும் கூட்டிக்கொண்டு அவள் தரிப்பிடத்துக்குத் திரும்பும்போது யோகலிங்கம் தேத்தண்ணிக் கடையிலிருந்து வந்தார். மறைக்கக்கூட இல்லை.

“நான்தான் கேட்டு வாங்கினனான். ரெண்டும் ஒரு குடும்பத்துக் கார். ஒரு சோடியில உனக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. சகோதரங்களுக்குள்ள பங்கு பிரிக்கிறேல்லையே?”

“பிரிச்சு? உங்கட காரின்ர ஆட்டம் நிண்டிட்டுதோ?”

தரிப்பிடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

“...இல்லை. அதுவும் ஆடுது.”

காணி பிரிப்பது மாதிரிக் கிங்பின்னைப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு காரிலும் ஒரு பக்கம் புதுசு, மற்றப் பக்கம் பழசு. இரண்டு காரும் ஆடின. அவருடைய கையைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

8

முடிவுகள்.

(அ) அவள் ஜக் கம்பியைத் தூக்கி யோகலிங்கத்தின் கார்க் கண்ணாடியை அடித்து நொறுக்குகிறாள். எழுதும்போது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? ஆனால் அடுத்த நாள் ஊர் கண்ணாடியைப் பற்றித்தான் கதைக்கும். “அவவுக்கு விசர்” என்று முடித்துவிடும். கிங்பின் அங்கேயே இருக்கும்.

(ஆ) நாலு பெரியவர்கள் கூடுகிறார்கள். “ஒரு குடும்பம், விட்டுக் குடுத்துப் போ பிள்ளை” என்கிறார்கள். விட்டுக்கொடு என்பது நம்முடைய மொழியில் பெண்ணைப் பார்த்து மட்டும் சொல்லப்படுகிற சொல். இந்த முடிவைக் கிழித்துப் போட்டேன்.

(இ) யோகலிங்கத்தின் முன்சில்லு முறிகண்டிக்கு முன்னால் கழன்று ஓடுகிறது, பிள்ளையார் தண்டித்து

[இல்லை. அந்தக் காரில் சனம் இருக்கும். பிள்ளையாரும் இதற்குள் வரமாட்டார்.]

(ஈ) அவள் சாவியைக் கொடுத்து

[இதை எழுதமாட்டேன். வேண்டுமானால் நடராசா எழுதட்டும்.]

9

ஆகவே கதை அந்தத் தரிப்பிடத்திலேயே நிற்கிறது. யோகலிங்கத்தின் கார் ஜக்கில் தூங்குகிறது. அவள் அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறாள், கை முழுக்கக் கிறீஸ். சுற்றி ஆண்கள். “அதைக் கழட்டினா என்ர கார் ஓடாது” என்கிறார் யோகலிங்கம். சின்னராசா அவருக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான். பொங்கலுக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன.

நான் உங்களிடம் சொல்ல வந்தேன்: வாசகரே, அவள் இப்போது என்ன செய்யவேண்டும் என்று நீங்களே

“ஆரோட கதைக்கிறியள்?”

விமலேஸ்வரி. என்னைத்தான் பார்க்கிறாள்.

“தொடக்கத்திலயிருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அவள் இப்பிடி, அவளுக்குக் கோபம், அவவின்ர கை எண்டு ஆரோ ஒராளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறியள். நான் இஞ்சதானே இருக்கிறன். சின்னராசாவுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?”

நடந்ததெல்லாம் அவளுக்கு. சொன்னதெல்லாம் உங்களுக்கு. காற்றடிக்க வந்த கணபதி மாதிரி உங்களை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

நான் விலகிக்கொள்கிறேன். இனி என் வழியாகக் கேட்கவேண்டாம். அவள் உங்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

“உங்களைத்தான். அங்க இஞ்ச பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ. பாத்தாச்சோ? சரி. காலடியில கிடக்கிற அந்தப் பெரிய ஸ்பனரை எடுத்து இஞ்சாலை தாங்கோ.”